இடப்பக்க இருக்கை

ரோவீனாவை நான் பார்த்ததே இல்லை. டெஸ்மண்டை நான் கல்யாணம் செய்துகொள்வதற்குச் சில வருஷம் முன்பே அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். இருந்தாலும், உனக்கு ஆகாதவள் யார் என்று என்னைக் கேட்டால் அவள் பெயரைத்தான் சொல்வேன். உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் பரவாயில்லை. இடுப்பு பெருத்துவிட்டது, அவள் சமையலை வாயில் வைக்க முடியாது என்று ஏதாவது சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளலாம். செத்துப்போனவளுக்கு வயதும் ஏறுவதில்லை, எடையும் ஏறுவதில்லை.

அவள் போனாளே தவிர, அவளுடைய இருக்கை போகவில்லை. டெஸ்மண்டிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. கரும்பச்சை நிறம், இரண்டே இருக்கை, பின்னால் மடக்கிவிடுகிற துணிக்கூரை. ரோவீனாவைக் கட்டிய வருஷம் வாங்கியது. ராத்திரி அதற்குப் போர்வை போர்த்திவிட்டுத்தான் அவன் தூங்க வருவான். காலையில் அதன் முகப்பைத் தட்டி, "எழுந்திருடி கிழவி, விடிஞ்சாச்சு" என்பான். என்னை எழுப்புவதற்கு அலாரம் இருக்கிறது.

வருஷா வருஷம் ஜூன் மாதம் இருவரும் அந்தக் காரில் இங்கிலாந்தில் சஃபோக்கிலிருந்து கிளம்பி, கப்பலில் கடலைத் தாண்டி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா வழியாக இத்தாலியில் திரியெஸ்தே வரை போய் வருவார்களாம். அவள் இறந்தபிறகு கார் கொட்டகையிலேயே கிடந்தது. இந்த வருஷம் டெஸ்மண்ட் ஒருநாள் சாப்பிடும்போது தலையைத் தூக்காமல், "ஜூன்ல திரியெஸ்தே போகலாமா?" என்று கேட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மாலையே போய்த் தொப்பி வாங்கிவந்தேன்.

கிளம்புகிற அன்று இடப்பக்க இருக்கையில் ஏறி உட்கார்ந்தால் என் கால் தரையைத் தொடவில்லை. ரோவீனா நெட்டைக் கொக்கு. அவள் கால் நீளத்துக்குத் தள்ளிவைத்த இருக்கை அப்படியே துருவேறி நின்றுவிட்டது.

"இதைக் கொஞ்சம் முன்னால நகர்த்தக் கூடாதா?" என்றேன்.

"இழுத்தா இருக்கைக்கு அடியில இருக்கிற தண்டவாளம் உடைஞ்சுடும் மேவிஸ். அந்தக் காலத்து தண்டவாளம், இப்ப கிடைக்காது."

"என் முதுகு மட்டும் கடையில கிடைக்குதாக்கும்."

அவன் உள்ளே போய் ஒரு தலையணை எடுத்துவந்து என் முதுகுக்குக் கொடுத்தான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எதிரே இருந்த கையுறைப் பெட்டியைத் திறந்தால் உள்ளே அவளுடைய பட்டுத் தலைக்குட்டை, இன்னமும் வாசனையோடு. மூடிவிட்டேன்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது வேறொன்று. எங்கள் நாட்டில் சாலையின் இடப்பக்கம் போவோம், காரின் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுவோம். கடலைத் தாண்டிவிட்டால் எல்லாரும் வலப்பக்கம் போகிறவர்கள். அங்கே எங்கள் காரை ஓட்டுகிறவன் சாலை ஓரத்துப் புல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். முன்னால் ஒரு லாரி போனால் அதன் முதுகைத் தவிர அவனுக்கு எதுவும் தெரியாது. எதிரில் வண்டி வருகிறதா என்று இடப்பக்கம் இருப்பவர்தான் எட்டிப் பார்த்து 'போ' என்றோ 'இரு' என்றோ சொல்ல வேண்டும். பழைய கார்க்காரர்கள் பெரிய நெடுஞ்சாலையில் போவதை மானக்கேடாக நினைப்பவர்கள். ஊருக்குள் புகுந்து போகிற சின்னச் சாலைகள்தான் பிடிக்கும், அங்கே லாரிக்கும் டிராக்டருக்கும் பஞ்சமே இல்லை. ஆகவே இடப்பக்க இருக்கையில் இருப்பது சும்மா வேடிக்கை பார்க்கிற வேலை இல்லை. இருவர் உயிரும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

இந்த விஷயத்தில் ரோவீனாவை மிஞ்ச ஆளில்லை என்பது எங்கள் கார் கிளப்பில் எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். "ரோவீனா 'போ'ன்னா போதும், டெஸ்மண்ட் கண்ணை மூடிக்கிட்டு போவான். இருபத்தஞ்சு வருஷம், ஒரு கீறல் கிடையாது." டெஸ்மண்ட் கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்தபடி சிரிப்பான். நான் உருளைக்கிழங்கை எல்லாருக்கும் பரிமாறுவேன். வயிறு எரிகிறவர்கள் கையில் ஏதாவது வேலை இருப்பது நல்லது.

இந்தத் தடவை எங்களோடு கொலினும் ஹெட்டியும் தங்கள் சிவப்புக் காரில் வந்தார்கள். கிளப்பில் டெஸ்மண்டுக்கு நெடுநாள் சிநேகிதர்கள். ரோவீனாவுக்கும்தான். அவர்களுடையதும் வலப்பக்கம் ஸ்டீயரிங் உள்ள கார்தான்.

பிரான்சில் இறங்கிய முதல் நாளே, வைக்கோல் ஏற்றிய ஒரு டிராக்டர் முன்னால் வந்து சேர்ந்தது. ஹெட்டி எட்டிப் பார்த்துக் கையை அசைத்தாள், கொலின் சீறிக்கொண்டு தாண்டிப் போய்விட்டான். நானும் எட்டிப் பார்த்தேன். சாலை துடைத்துவிட்டது போல் காலியாக இருந்தது.

"போ," என்றேன்.

டெஸ்மண்ட் போகவில்லை.

"போலாம் டெஸ்மண்ட். ஒண்ணும் வரலை."

"ம்," என்றான். டிராக்டர் பின்னாலேயே போனான். வைக்கோல் பறந்து என் புதுத் தொப்பியில் ஒட்டிக்கொண்டது. நான் மறுபடி சொன்னேன், மறுபடி 'ம்'. அந்த டிராக்டர்காரன் தன் வீட்டுக்குத் திரும்பும்வரை நாங்கள் அவன் பின்னாலேயே ஊர்வலம் போனோம். அடுத்த ஊரில் ஹெட்டியும் கொலினும் காப்பி குடித்து முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்கே போனீங்க ரெண்டு பேரும்? வைக்கோல் அறுக்கவா?" என்றாள் ஹெட்டி என் தொப்பியைப் பார்த்து.

"டெஸ்மண்டுக்குக் காட்சி பாக்கணுமாம்," என்றேன். டெஸ்மண்ட் போனட்டைத் திறந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டான்.

அதன்பிறகு தினமும் இதே கூத்துதான். பிரான்சின் வோஷ் மலையில் மரம் ஏற்றிய லாரி. சுவிட்சர்லாந்தில் பால் வண்டி. ஆஸ்திரியாவில் ஒரு சர்க்கஸ்காரனின் வண்டி, பின்கதவில் கோமாளி முகம் வரைந்தது. அந்தக் கோமாளி என்னைப் பார்த்து ஒரு மணி நேரம் இளித்துக்கொண்டே வந்தான். நான் சொன்னபோதெல்லாம் டெஸ்மண்ட் 'ம்' கொட்டினான். சில சமயம் வெகு நேரம் கழித்து, எங்கோ ஒரு வளைவு தாண்டியதும், நான் சொல்லாமலே திடீரென்று தானாகத் தாண்டிப் போவான். என்னை ஒரு வார்த்தை கேட்கமாட்டான்.

இதில் எனக்கு என்ன வலி என்றால், வாகனங்களை நிறுத்துவதும் விடுவதும்தான் நான் பார்த்த வேலையே. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் 'நில்' என்று எழுதிய வட்டப் பலகையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளைச் சாலை தாண்ட வைத்தவள் நான். செங்கல் லாரி முதல் மேயர் கார் வரை என் ஒரு கைக்கு நின்றிருக்கிறது. நான் கட்டிக்கொண்டவன் மட்டும் என் சொல்லைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. அந்த நெட்டைக் கொக்கு சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு போவான். நான் கண்ணைத் திறந்துகொண்டு சொன்னாலும் போகமாட்டான்.

இன்ஸ்ப்ருக்கில் ஒரு மாடி அறையில் படுத்துக்கொண்டு நான் முடிவு செய்தேன். திரியெஸ்தே போய்ச் சேர்வதற்குள் ஒரே ஒரு தடவையாவது இவன் என் சொல்லை நம்பி ஒரு லாரியைத் தாண்ட வேண்டும். இல்லையென்றால் அங்கிருந்து நான் ரயிலில் வீடு திரும்புவேன், இந்த இருக்கையில் மறுபடி உட்காரமாட்டேன். இருக்கை அவளுடையதாகவே இருக்கட்டும். சொல்லப்போனால் வீடும் அவளுடையதுதானே, திரைச்சீலை வரை. திரும்பிப் போய் அங்கேயும் எத்தனை நாள் இருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் மலையைத் தாண்டி இத்தாலிக்குள் இறங்கியதும் வழியில் ஒரு சாப்பாட்டு விடுதியில் நிறுத்தினோம். ஆண்கள் இருவரும் எண்ணெய் ஒழுகுகிறதா பார்க்கிறோம் என்று கார்களுக்கடியில் புகுந்துவிட்டார்கள். நானும் ஹெட்டியும் ரொட்டி உருண்டை போட்ட சூப்பும் வெள்ளை ஒயினுமாக உட்கார்ந்தோம். ஹெட்டி இரண்டாவது கிண்ணம் ஒயினைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"ரோவீனா மாதிரி தைரியம் எல்லாருக்கும் வராது இல்லே," என்றேன். புண் இருந்தால் சொறியாமல் இருக்க எனக்குத் தெரியாது.

ஹெட்டி கரண்டியைக் கீழே வைத்தாள். "தைரியமா? அவளுக்கா? சரியான பயந்தாங்கொள்ளி. உனக்குத் தெரியாதா?"

"என்ன தெரியாதா?"

"டெஸ்மண்ட் காதுக்குப் போயிடக் கூடாது, சொல்லிட்டேன். ஒரு வருஷம் அவளே எங்கிட்ட சொன்னா. லாரி பின்னால போனாலே கண்ணை இறுக்கி மூடிக்குவாளாம். அவன் 'என்ன, போலாமா'ன்னு கேட்டா, மூடின கண்ணோடயே 'போ'ன்னுடுவாளாம்."

"பாக்காமலா?"

"பாக்கவே மாட்டாளாம். 'இரு'ன்னா அவன் முகம் தொங்கிப்போயிடும், அதை என்னால பாக்க முடியாதுன்னா. சொல்லிட்டு அப்படிச் சிரிச்சா. நான்தான் அன்னிக்கு ராத்திரி தூங்கலை."

நானும் சிரித்தேன். அந்த ரொட்டி உருண்டை எனக்கு அமிர்தமாக இருந்தது. இன்னொரு தட்டு வாங்கிச் சாப்பிட்டேன். கிளப்பே கொண்டாடிய மகாராணி, குருட்டாம்போக்கில் 'போ' சொன்னவள். அவன் நம்பிய நம்பிக்கையெல்லாம் இவ்வளவுதான். இதை அவனிடம் சொல்லிவிட்டால் ரோவீனாவின் கதை அன்றோடு முடிந்தது. சொல்லமாட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். மிட்டாயை வாயில் ஒதுக்கிவைத்துக்கொள்வது போல வைத்துக்கொண்டால் போதும் என்று நினைத்தேன்.

சாப்பாடு முடிந்து கிளம்பினோம். பள்ளத்தாக்கு நெடுக ஆப்பிள் தோட்டம். கல் ஏற்றிய ஒரு லாரி முன்னால் முக்கிக்கொண்டு போனது. ஹெட்டி கையசைத்தாள், சிவப்புக் கார் பறந்தது. நான் எட்டிப் பார்த்தேன்.

"போ."

"ம்."

"எதிர்ல ஈ காக்கா இல்லை. போ."

"பாக்கலாம், பாக்கலாம்."

"என்னத்தைப் பாக்கறது? அதான் நான் பாத்துச் சொல்றேனே."

அவன் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு லாரியின் முதுகையே பார்த்தான். கல்தூள் என் பல்லில் நறநறத்தது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"ரோவீனா சொல்லியிருந்தா போயிருப்பே இல்லே," என்றேன். "அவ சொன்னா கண்ணை மூடிக்கிட்டுப் போவே. அவளே கண்ணை மூடிக்கிட்டுத்தான் சொன்னா, தெரியுமா உனக்கு? ஒரு தடவைகூட ரோட்டைப் பாக்கலை உன் மகாராணி. ஹெட்டிகிட்ட சொல்லிச் சிரிச்சிருக்கா. அந்தக் குருட்டு வாக்கை நம்பி இருபத்தஞ்சு வருஷம் போனே. நான் ரெண்டு கண்ணையும் திறந்து வெச்சுக்கிட்டு சொல்றேன், எனக்கு 'ம்' கொட்டறே."

சொல்லி முடித்ததும் மிட்டாய் கசந்தது. டெஸ்மண்ட் தோட்டத்து ஓரமாக வண்டி ஒதுங்க இடம் வந்ததும் அங்கே திருப்பி நிறுத்தி என்ஜினை அணைத்தான். லாரி முக்கிக்கொண்டே தூரப் போய் மறைந்தது.

"தெரியும்," என்றான்.

"என்ன தெரியும்?"

"கண்ணை மூடிக்குவான்னு. முதல் வருஷமே தெரியும். அவ பக்கத்து ஜன்னல் கண்ணாடியில அவ முகம் தெரிஞ்சுது. மூக்கைச் சுருக்கிக்கிட்டு, மருந்து குடிக்கிற குழந்தை மாதிரி கண்ணை மூடிக்கிட்டு, 'போ'ன்னா."

"அப்புறம் எப்படிப் போனே?"

"ரோடு வலப்பக்கம் வளையும் பாரு, அப்போ லாரியோட வலது ஓரமா, புல்லுப் பக்கத்துல எனக்கே முன்னால தெரியும். அந்த வளைவு வர்ற வரைக்கும் காத்திருப்பேன். எதிர்ல ஒண்ணும் வரலைன்னு நானே பாத்துக்குவேன். அதுக்கப்புறம்தான் அவளைக் கேப்பேன், 'என்ன, போலாமா'ன்னு. அவ 'போ'ம்பா. போவேன்."

"உனக்கே தெரிஞ்சப்புறம் அவளை எதுக்குக் கேட்டே?"

"கேக்கலைன்னா அவளுக்கு என்ன இருக்கு? சாயங்காலம் எல்லார்கிட்டயும் சொல்லி எவ்வளவு சந்தோஷப்படுவா தெரியுமா. 'நான் சொன்னேன், டெஸ் போனான்'னு." அவன் கண்ணாடியில் படிந்திருந்த கல்தூசியை விரலால் துடைத்தான். "அவ எங்கிட்ட சொல்லலை, நானும் அவகிட்ட சொல்லலை."

நான் அவளை ஒழித்துக்கட்டப் பார்த்தேன். அவளோ முன்னைவிட இரண்டு மடங்காக எழுந்து நின்றாள். ஒருத்தியின் சந்தோஷத்துக்காக ஒருவன் இருபத்தைந்து வருஷம், ஒவ்வொரு லாரிக்கும், நாடகம் ஆடியிருக்கிறான். நம்பிக்கை என்றால்கூட நான் தாங்கியிருப்பேன். நம்பிக்கை இல்லாமலே, அவள் முகம் வாடக்கூடாதென்று ஆடியிருக்கிறானே, அதைத்தான் தாங்க முடியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதால் மூக்கு சிவந்து அசிங்கமாக இருப்பேன் என்று தெரிந்தும் அழுதேன்.

"எனக்காக ஒரு பத்து நாள் ஆடியிருந்தா குறைஞ்சா போயிருப்பே?" என்றேன். "கேட்டிருக்கலாமே. உன் வளைவுல நீ பாத்துட்டு, அப்புறம் எங்கிட்ட ஒரு வார்த்தை 'போலாமா'ன்னு கேட்டிருக்கலாமே. நான் கண்டேனா? நானும் சாயங்காலம் ஹெட்டிகிட்ட பெருமையடிச்சுக்கிட்டு இருந்திருப்பேன்."

"உங்கிட்ட எப்படி ஆடறது மேவிஸ்? நீதான் பாக்கறியே."

"பாத்தா?"

"அவ 'போ'ன்னப்போ எல்லாம் எனக்கு முன்னாடியே தெரியும். நீ வளைவு வர்றதுக்குள்ள 'போ'ங்கறே. அப்போ எனக்கு ஒண்ணுமே தெரியாது. லாரி முதுகுதான் தெரியும். உன் வாய் வார்த்தை ஒண்ணை மட்டும் கையில வெச்சுக்கிட்டு அந்தப் பக்கம் தலையை நீட்டணும்." அவன் என்னைப் பார்க்காமல் தோட்டத்தைப் பார்த்தான். "அப்படி நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. யார் சொல்லியும் போனதில்லை. ஊரே நான் கண்ணை மூடிக்கிட்டுப் போனேங்குது. எனக்கு அது எப்படின்னே தெரியாது. பயமா இருக்கு, போதுமா."

வாழ்நாள் எல்லாம் வக்கீலாக இருந்தவன். பயமாக இருக்கிறது என்று அவன் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. மூக்கைத் துடைக்கக் கைக்குட்டை தேடினேன். கையுறைப் பெட்டியில் ரோவீனாவின் பட்டுத் துணி இருந்தது. அதைத் தொடாமல் சட்டைக் கையிலேயே துடைத்துக்கொண்டேன்.

"சரி, எடு வண்டியை," என்றேன்.

கொஞ்ச தூரத்துக்குள் ஒரு பெட்ரோல் டாங்கர் லாரி வந்து வாய்த்தது. அகலமான முதுகு, வெள்ளி நிறம். அதில் எங்கள் காரின் முகம் தெரிந்தது, எங்கள் இரண்டு தலையும் தெரிந்தது. டெஸ்மண்ட் இரண்டாவது கியருக்கு இறக்கினான். தொண்டையைக் கனைத்தான்.

"என்ன, போலாமா?"

இந்தப் பயணத்தில் அவன் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் இடப்பக்கம் முழுக்கச் சாய்ந்து பார்த்தேன். சாலை நேராக, வெறுமையாக, வெயிலில் கிடந்தது. ஒரு சைக்கிள்கூட இல்லை. போ என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. பள்ளிக்கூட வாசலில் என் கையில் பலகை இருந்தது. வண்டி நிற்காவிட்டால் பிள்ளைகளைப் பின்னால் இழுத்துக்கொள்ளலாம். இங்கே இழுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. சொன்னால் இவன் போய்விடுவான், இந்தத் தடவை நிஜமாகவே போய்விடுவான் என்று தெரிந்தது. ரோவீனா ஏன் கண்ணை மூடிக்கொண்டாள் என்று ஒரு நொடி எனக்குப் புரிந்தது. அது எனக்குப் புரிந்ததே எனக்குப் பிடிக்கவில்லை.

"இரு," என்றேன்.

அவன் இருந்தான். முகம் தொங்கவில்லை. என்ன வருகிறது, எவ்வளவு தூரத்தில் என்று கேட்கவில்லை.

அடுத்து சாலை வலப்பக்கம் வளைந்தது. அவனுடைய வளைவு. தலையை இத்தனூண்டு வலப்பக்கம் சாய்த்திருந்தால் டாங்கரின் ஓரமாக முழுச் சாலையும் அவனுக்குத் தெரிந்திருக்கும். எதிரில் எதுவும் இல்லாமலே நான் 'இரு' என்றேன் என்பதும் தெரிந்திருக்கும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தேன். அவன் கழுத்து விறைப்பாக நின்றது, போட்டோ எடுக்க நிறுத்திவைத்த பையனுக்கு நிற்பதுபோல. கண் அந்த வெள்ளி முதுகை விட்டு அசையவில்லை. வளைவு முழுக்கக் கடந்து முடிந்தது. அவன் பார்க்கவே இல்லை.

மறுபடி சாலை நேரானது. எட்டிப் பார்த்தேன். ஒரு பேருந்து வந்தது, எங்களைக் கடந்து போயிற்று. அதன் பின்னால் ஒன்றுமில்லை. இன்னொரு தடவை பார்த்தேன்.

"போ," என்றேன்.

சொல் முழுதாக வெளியே வருவதற்குள் கார் இடப்பக்கம் பாய்ந்துவிட்டது. டாங்கரின் சக்கரங்கள் ஒவ்வொன்றாக என் கணவனின் தோளுக்கு அப்பால் பின்னால் போயின. காற்று என் தொப்பியைக் கொண்டுபோனது, திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் வந்து வலப்பக்கம் சேர்ந்ததும் டெஸ்மண்ட் பெரிதாக ஒரு மூச்சு விட்டான்.

"ஒண்ணும் வரலைதானே?" என்றான், எல்லாம் முடிந்தபிறகு.

"ஒண்ணும் வரலை."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். நான் கால் எட்டாத அந்த இருக்கையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். இருபத்தைந்து வருஷம் இங்கே உட்கார்ந்திருந்தவளுக்கு இவன் இப்படி ஒரு தடவைகூடப் போனதில்லை. எத்தனை நாள் நான் எரிந்தேன். இனி அவள் முறை.